ஐஸ் கம்மி பண்ணா மொஹிட்டோ தண்ணியாகாதா?

கேள்வி:
வெயில் காலத்துல வீட்டுக்கு ஆள் வந்தா மொஹிட்டோ, அதான் ரம், எலுமிச்சை, புதினா, சோடா கலந்த ட்ரிங்க், போடுறது என் வேலை. முதல் ரெண்டு வாய் நல்லா இருக்கு, பத்து நிமிஷத்துல சவசவன்னு ஆயிடுது. ஐஸ் கரைஞ்சு தான் கெடுக்குதுன்னு இப்ப கிளாஸுக்கு மூணு கட்டி தான் போடுறேன், அப்பவும் அதே கதை. ஐஸே போடாம எல்லாத்தையும் ஃப்ரிட்ஜ்ல வெச்சு கொடுத்தா என்ன? எட்டு பேருக்கு ஒரே நேரத்துல போடணும். ட்ரிங்க் குலுக்குற ஷேக்கர் கிடையாது, அளவு மூடி இருக்கு.

ஏப்ரல் 4, இரவு 10.40
ஐஸைக் கம்மி பண்றது தான் தப்பே. கிளாஸ் விளிம்பு வரைக்கும் ஐஸ் போடுங்க, அதுக்கப்புறம் தான் மத்ததெல்லாம். மூணே மூணு கட்டி போட்டா மொத்த வேலையும் அது தலையில விழுது, கரைஞ்சு காணாம போயிடும், ட்ரிங்க் குளிர்ந்தபாடும் இருக்காது. பத்து பன்னெண்டு கட்டி இருந்தா வேலையைப் பங்கு போட்டுக்கும். இதைச் சொன்னா யாரும் நம்புறதில்ல. என் மச்சினன் மூஞ்சிக்கு நேராவே "மாமா ஐஸைப் போட்டு ரொப்பி சரக்கை மிச்சம் பிடிக்கிறாரு"ன்னு சொல்லியிருக்கான்.

ஐஸே இல்லாம ஃப்ரிட்ஜ்ல வெச்சு கொடுக்கிறது வேண்டாம். ஃப்ரிட்ஜ் கொடுக்கிற குளிர் 4, 5 டிகிரி, கையில கிளாஸ் வாங்கி ரெண்டு வார்த்தை பேசுறதுக்குள்ள அது போயிடும்.

ஏப்ரல் 4, இரவு 11.05
புதினாவை என்ன பண்றீங்கன்னு சொல்லலையே. மத்தை வெச்சு அம்மியில அரைக்கிற மாதிரி நசுக்கினா இலை கிழிஞ்சு கசப்பு இறங்கும், பல்லுல வேற மாட்டும். வாசனை இருக்கிறது இலையோட வெளிப்பரப்புல தான், லேசா நாலு அழுத்து போதும். நான் இப்ப அதுகூட பண்றதில்ல, உள்ளங்கையில வெச்சு பட்டுனு ஒரு தட்டு தட்டி அப்படியே கிளாஸ்ல போட்டுடுவேன்.

ஏப்ரல் 5, காலை 9.20
நேத்து நான் எழுதினது பாதி தான் உண்மை. படுத்தப்புறமும் மனசு அரிச்சுக்கிட்டே இருந்துச்சு, காலைல எழுந்ததும் சமையலறை தராசை எடுத்து வெச்சு பாத்துட்டேன்.

ஒரே மாதிரி கிளாஸ். ஒவ்வொண்ணுலயும் 200 கிராம் சோடா. முதல் கிளாஸ்ல அலமாரியில இருந்து எடுத்த சோடா, கிட்டத்தட்ட 30 டிகிரி. ரெண்டாவதுல ராத்திரி பூரா ஃப்ரிட்ஜ்ல இருந்தது. ரெண்டுக்கும் 150 கிராம் ஐஸ், அப்பப்ப கலக்கிக்கிட்டு அஞ்சு நிமிஷம் விட்டு, ஐஸை வடிகட்டிட்டு திரும்ப எடை போட்டேன். சூடா இருந்த சோடா 272 கிராம். ஃப்ரிட்ஜ் சோடா 219. ஒண்ணுல 72 கிராம் தண்ணி சேந்திருக்கு, இன்னொண்ணுல 19.

அப்புறம் உங்க கிளாஸையும் செஞ்சு பாத்தேன், சூடான சோடாவுல மூணு கட்டி, 48 கிராம். ஒண்ணு பாக்கி இல்லாம கரைஞ்சு 248 ஆச்சு. ஆக நியாயமா பாத்தா நீங்க சொன்னதும் சரி தான், ஐஸ் கம்மி போட்டா சேர்ற தண்ணி கம்மி தான். ஆனா அது குளிரவே இல்ல, வாயில வெச்சா மழைத்தண்ணி மாதிரி இருந்துச்சு, உள்ள ஐஸும் இல்ல. குற்றவாளி ஐஸ் இல்லங்க, அலமாரி சோடா.

கணக்கும் ஒத்து வருது. ஒரு கிராம் ஐஸ் கரையும்போது 80 கலோரி வெப்பத்தை இழுக்கும். 200 கிராம் தண்ணியை 30 டிகிரியில இருந்து 0க்கு இறக்க 6000 கலோரி, அதாவது 75 கிராம் ஐஸ் கரைஞ்சே ஆகணும். 5 டிகிரியில இருந்து இறக்க 1000 கலோரி, பன்னெண்டரை கிராம். இவ்ளோ தான் ரகசியம். இதுல சாமர்த்தியத்துக்கு வேலையே இல்ல, முந்தின ராத்திரி சோடாவை ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ள ஞாபகம் இருக்கணும், அவ்ளோ தான்.

ஏப்ரல் 5, மதியம்
சோடா சூடா இருந்தா இன்னொரு நஷ்டமும் இருக்கு. குளிர்ந்த தண்ணியில தான் கேஸ் நிக்கும். சூடான சோடாவைத் திறந்து ஐஸ் மேல ஊத்தினா புஸ்ஸுனு பொங்கி பாதி கேஸ் அங்கயே பறந்துடும். நீங்க சவசவன்னு சொன்னது வெறும் தண்ணி மட்டும் இல்லன்னு தோணுது, கேஸ் போனதும் சேர்ந்து தான்.

கிளாஸையும் விட்டுட்டேன். கனமான கிளாஸ் அதுவே 20 கிராம் ஐஸைக் கரைச்சுடும். கால் மணி நேரம் ஃப்ரீசர்ல வையுங்க. இடம் இல்லைன்னா கிளாஸ்ல ஐஸும் தண்ணியும் போட்டு ரெண்டு நிமிஷம் விட்டு கொட்டிடுங்க.

ஏப்ரல் 6
எட்டு பேர் விஷயம். ஆள் வந்தப்புறம் ஒவ்வொரு கிளாஸா நின்னு போட்டுக்கிட்டு இருந்தா நீங்க உங்க வீட்டுலயே வேலைக்காரன். நான் ரெண்டு வருஷம் அப்படித்தான் இருந்தேன். கூடத்துல எல்லாரும் சிரிக்கிற சத்தம் கேக்கும், நான் உள்ள எலுமிச்சை பிழிஞ்சுக்கிட்டு இருப்பேன், வெளிய வந்து "என்ன ஜோக்கு"ன்னு கேட்டா "அது விடுங்க"ம்பாங்க.

இப்ப பண்றது இது. உலக பார்டெண்டர் சங்கம் மொஹிட்டோவுக்கு வெச்சிருக்கிற அளவு வெள்ளை ரம் 45 மி.லி., எலுமிச்சை சாறு 20 மி.லி., சர்க்கரை ரெண்டு டீஸ்பூன், ஆறு கொத்து புதினா, மேல சோடா. சர்க்கரையை அப்படியே போட்டா குளிர்ல கரையாது, அடியில மணல் மாதிரி தங்கும், கடைசி வாய்ல எல்லாம் மொத்தமா வரும். அதனால பாகு, அதுவும் 20 மி.லி. ஒரு கிளாஸுக்கு 85 ஆச்சு, எட்டால பெருக்கினா ரம் 360, சாறு 160, பாகு 160, மொத்தம் 680. முழு பாட்டில் 750 மி.லி. இல்லையா, அதுல அழகா அடங்கி மேல கொஞ்சம் இடமும் இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு கலந்து ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டா, ஆள் வந்ததும் கிளாஸ் நிறைய ஐஸ், தட்டின புதினா, பாட்டில்ல இருந்து 85, ஜில்லுனு சோடா 90, கரண்டியால அடியில இருந்து ஒரே ஒரு தடவை தூக்கி விடுங்க. எட்டு கிளாஸுக்கு அஞ்சு நிமிஷம் கூட ஆகாது.

புதினாவை மட்டும் பாட்டிலுக்குள்ள போட்டுடாதீங்க, கறுத்துப் போய் குளத்துத் தண்ணி மாதிரி ஆயிடும். சோடாவும் உள்ள போகக்கூடாது. சாறு அன்னிக்கே பிழிஞ்சது. நேத்து பிழிஞ்சது மூக்குல வெச்சாலே தெரியும், மட்டமா ஒரு வாடை.

ஏப்ரல் 6, கொஞ்ச நேரம் கழிச்சு
பாகு எப்படின்னு எழுதல. சர்க்கரையும் தண்ணியும் சமமா, சூடு பண்ணி கரைஞ்சதும் நிறுத்திடுங்க, கொதிக்க விட்டு கம்பிப் பதம் எல்லாம் வேண்டாம். சமம்னா டம்ளர் அளவுல இல்ல, எடையில. ஒரு டம்ளர் சர்க்கரை ஒரு டம்ளர் தண்ணியை விட எடை கம்மி, நடுவுல காத்து. டம்ளர்ல அளந்தா இனிப்பு குறையும். நான் டம்ளர்ல அளந்துட்டு "இந்த எலுமிச்சை ரொம்ப புளிப்பு"ன்னு எலுமிச்சையைத் திட்டிக்கிட்டு இருந்த காலம் உண்டு.

பாட்டில்ல இருக்கும்போது ருசி பாத்தா சற்று தூக்கலா இனிக்கணும். குளிர்ந்தா நாக்குக்கு இனிப்பு மந்தமாத் தெரியும், போதாததுக்கு சோடா வேற சேருது. சாதா சூட்டுல கச்சிதமா இருந்தா கிளாஸ்ல போனப்புறம் புளிக்கும்.

ஏப்ரல் 7
ரெசிபில லைம் வேற லெமன் வேறன்னு போட்டிருக்கே, எதை வாங்குறதுன்னு ஒருத்தங்க கேட்டாங்க. நமக்கு ரெண்டுக்கும் ஒரே பேரு எலுமிச்சை, அதான் குழப்பம். பச்சையா சின்னதா மெல்லிசு தோலோட இருக்கிறது லைம். பெருசா, மஞ்சளா, தடிச்ச தோலு, முனை மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருந்தா லெமன். புளிப்பு அளவு ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணு தான், சுமார் 6%. லெமன்ல அது முழுக்க சிட்ரிக் அமிலம்னு வெச்சுக்கலாம், லைம்ல ஆப்பிள்ல இருக்கிற மாலிக் அமிலமும் கலந்திருக்கும், அந்த சுருக்குனு இழுக்கிற குணம் அதுல இருந்து தான் வருது. ரம், டெக்கீலான்னா லைம். ஜின்னுக்கு லெமன் நல்லாருக்கும். கையில எது இருக்கோ அதைப் போடுங்க, யாரும் போலீஸைக் கூப்பிட மாட்டாங்க.

ஏப்ரல் 9
ஷேக்கர் இல்லாதது பிரச்சனையே இல்ல, மொஹிட்டோவுக்கு அது தேவையும் இல்ல. சோடா போற எதையும் குலுக்கவே கூடாது. எனக்கு எப்படித் தெரியும்னா, முதல் தடவை புது ஷேக்கர் வாங்கின உற்சாகத்துல சோடா, புதினா எல்லாத்தையும் உள்ள போட்டு ஆட்டு ஆட்டுன்னு ஆட்டி மூடியைத் தொட்டேன். தொட்டேன் அவ்ளோ தான். மூடி ஃபேன்ல பட்டு ஷோகேஸ் பக்கம் போச்சு, விட்டத்துல ஒரு புதினா இலை ஒட்டிக்கிச்சு. அடுத்த வெள்ளையடிப்பு வரைக்கும் அது அங்கயே இருந்துச்சு, வர்றவங்க கிட்ட எல்லாம் வீட்டம்மா அதைக் காட்டுவாங்க.

டாக்கிரி மாதிரி சோடா இல்லாததுக்குத் தான் குலுக்கல். ரம் 60, லைம் 20, சர்க்கரை ரெண்டு சின்ன ஸ்பூன், இறுக்கமா மூடுற எந்த ஜாடியும் போதும், ஐஸ் நிறைய, மனசுல பன்னெண்டு எண்ணிக்கிட்டே பலமா. இங்க தண்ணி சேரணும், நாலுல ஒரு பங்காவது. சேரலைன்னா தொண்டையில எரியும். முதல் நாள் நான் தண்ணியை எதிரி மாதிரி எழுதினேன், அது தப்பு, தண்ணியும் ஒரு சேர்மானம் தான், எவ்ளோ சேரணும்னு நாம முடிவு பண்ணணும், அலமாரி சோடா முடிவு பண்ணக்கூடாது.

ஐஸ் 0 டிகிரி தானே, ஆனா ஜாடிக்கு வெளிய பனி படியுதேன்னு யாராவது கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன். ஆல்கஹால் கலந்த தண்ணி 0ல உறையாது. அதனால ஐஸ் கரையக் கரைய மொத்தமும் 0க்கு கீழ இறங்கும், நல்லா குலுக்கினா மைனஸ் 5ஐத் தாண்டும். உப்பு போட்ட ஐஸ்ல ஐஸ்கிரீம் உறைய வைப்பாங்களே, அதே வித்தை.

ஏப்ரல் 12
மேல சொன்ன 680 மி.லி. பாட்டிலை "இன்னும் ஜில்லுனு இருக்கட்டுமே"ன்னு ஃப்ரீசர்ல வைக்கலாமான்னு கேள்வி. வெச்சிருக்கேன். மறுநாள் எடுத்தா கவிழ்த்தாலும் வரல. வெறும் ரம், ஜின், வோட்கா 40% இருந்தா வீட்டு ஃப்ரீசர்ல உறையாது, அதுக்கு மைனஸ் 27 பக்கம் போகணும், ஃப்ரீசர் மைனஸ் 18 தான். ஆனா சாறும் பாகும் கலந்ததும் 360ல இருந்த ஆல்கஹால் 680க்குப் பரவிடுது, 21% தான் வரும். அது கூழாயிடும். கழுத்து வரைக்கும் ரொப்பியிருந்தா பாட்டில் வெடிக்கவும் வாய்ப்பு இருக்கு, என்னோடதுல மேல இடம் இருந்ததால பொழச்சேன்.

விஷயம் என்னன்னா, வந்தவங்க வாசல்ல, பாட்டில்ல கூழு. வேற வழியில்லாம வெந்நீர்ல ஒரு நிமிஷம் வெளிப்பக்கம் காட்டி, கரண்டிக் காம்பால குத்தி எடுத்து, சின்ன கப்புல போட்டு ஸ்பூனோட கொடுத்தேன். அன்னிக்கு அதைத் தான் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினாங்க. இப்ப வேணும்னே பண்றேன், பாட்டில்ல இல்ல, வாய் அகலமான பிளாஸ்டிக் டப்பாவுல, முந்தின நாள் ராத்திரி. ஐஸ் போட்டு மிக்சியில அடிக்கிறதை விட இது மேல். மிக்சி ஐஸ் தனியா தண்ணி தனியா ரெண்டே நிமிஷத்துல பிரிஞ்சுடும்.

இதைக் கடை அளவுல யோசிச்சவர் மரியானோ மார்ட்டினெஸ், அமெரிக்காவுல டல்லாஸ்ல ரெஸ்டாரண்ட் வெச்சிருந்தவர். மிக்சியில அடிச்சு அடிச்சு ஒவ்வொரு கிளாஸும் ஒவ்வொரு மாதிரி வந்து ஜனங்க குறை சொல்ல, 1971ல பழைய சாஃப்ட் ஐஸ்கிரீம் மெஷினை மாத்தி அதுல டெக்கீலாவும் லைமும் கலந்த மார்கரிட்டாவை உறைய வெச்சார். அந்த மெஷின் இப்ப ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு. நம்ம டப்பாவுக்கு அந்த யோகம் கிடைக்காது.

ஏப்ரல் 13
சம்பந்தமில்லாத மாதிரி இருக்கும், ஆனா வெயில் காலம்ங்கிறதால எழுதியே ஆகணும். எலுமிச்சையை வெயில்ல உக்காந்து பிழியாதீங்க.

ஒரு தடவை பெரிய கூட்டம். மொட்டை மாடியில காத்து வருதேன்னு நாப்பது பழம் அங்கயே உக்காந்து பிழிஞ்சேன், கையைக் கழுவாம அப்படியே நாற்காலி எல்லாம் எடுத்துப் போட்டுக்கிட்டு ஒரு மணி நேரம் வெயில்ல நின்னேன். அன்னிக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டாவது நாள் வலது கை பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல சிவந்துச்சு, மூணாவது நாள் கொப்புளம், சூட்டுக்கோல் வெச்ச மாதிரி. சாறு வழிஞ்ச வழி அப்படியே மணிக்கட்டு வரைக்கும் கோடு. எண்ணெய் தெறிச்சுதா, எதையாவது சூடா தொட்டேனான்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன். தோல் டாக்டர் பாத்த உடனே கேட்ட கேள்வி: "எலுமிச்சை பிழிஞ்சீங்களா?"

லைம் தோல்லயும் சாறுலயும் இருக்கிற ஃபியூரானோகூமரின்ங்கிற பொருள் மேல வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் பட்டா தோலைப் பொசுக்கும். மார்கரிட்டா பர்ன்னு செல்லப் பேரு வேற. கொப்புளம் வாரத்துல ஆறிடுச்சு, பழுப்புக் கறை மறைய மூணு மாசம் ஆச்சு. வீட்டுக்குள்ள பிழிஞ்சு, சோப்பு போட்டு கையைக் கழுவிட்டு வெளிய போங்க. குழந்தைங்க கிட்ட பிழியக் கொடுத்துட்டு வெயில்ல விளையாட விடவே விடாதீங்க.

ஏப்ரல் 16
"எவ்ளோ ஏறும்"னு ஒருத்தர் கேட்டிருக்காரு. ஜூஸ் மாதிரி இறங்குறதால வர்ற வினை இது, நியாயமான கேள்வி. 45 மி.லி. ரம், 40%ன்னா 18 மி.லி. சுத்த ஆல்கஹால், எடையில 14 கிராம். அமெரிக்காவுல ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்குன்னு சொல்றது இதைத் தான். டாக்கிரியில 60 போட்டா 19 கிராம். உடம்பு சராசரியா மணிக்கு 7, 8 கிராம் தான் கழிக்கும், ஆக ஒரு மொஹிட்டோவுக்கு ரெண்டு மணி நேரம். தாகத்துக்கு மொஹிட்டோ குடிச்சா ரெண்டு மணி நேரத்துல நாலு போயிடும். அதனால கிளாஸ் பக்கத்துல தண்ணி ஜக்கு கண்டிப்பா வைப்பேன், யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா கண்ணு முன்னாடி இருந்தா எடுத்து ஊத்திப்பாங்க. வண்டி ஓட்டுறவங்களுக்கு ரம் இல்லாத பாட்டில்.

கண்ணளவுல ஊத்தாதீங்க. என் கை 45ன்னு நெனச்சு ஊத்தினதை ஒரு நாள் அளந்து பாத்தேன், 70. மூணாவது ரவுண்டுல அளந்தப்ப 80 தாண்டிச்சு. கைக்கும் ஏறும் போல.

ஏப்ரல் 16, இரவு
ரம் இல்லாத பாட்டில்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. ரெண்டு பாட்டிலும் பாக்க ஒண்ணு போலவே இருக்கும். நான் புத்திசாலின்னு ரம் இருக்கிற பாட்டில் கழுத்துல சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டு வெச்சேன், எல்லார்கிட்டயும் சொல்லவும் சொன்னேன். நடுவுல யாரோ பிரிச்ச சிப்ஸ் பாக்கெட்டைக் கட்டுறதுக்கு அந்த ரப்பர் பேண்டைக் கழட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் பத்து நிமிஷம் எது எதுன்னு தெரியாம மோந்து மோந்து பாத்துக்கிட்டு நின்னேன், எலுமிச்சை அடிக்கிற வாசனையில ரம் எங்க தெரியும். மாத்திரை சாப்பிடுற பெரியவங்க, குழந்தைங்க இருக்கிற வீடு. பர்மனென்ட் மார்க்கர்ல பாட்டில் மேலயே எழுதுங்க. பாட்டில் வடிவமும் வேற வேறயா இருக்கட்டும்.

ஏப்ரல் 19
மொஹிட்டோவையே பேசிக்கிட்டு இருக்கோம். எனக்கு ஆள் நிறைய வர்ற அன்னிக்கு உண்மையில பிடிச்சது ஜின் டானிக், ஏன்னா சோம்பேறித்தனம். ஜின் ஃப்ரீசர்ல, டானிக் ஃப்ரிட்ஜ்ல, கிளாஸ் நிறைய ஐஸ், ஜின் ஒரு பங்குக்கு டானிக் ரெண்டரை மூணு பங்கு, லெமன் தோல் ஒரு சுருள். டானிக்கை பெரிய பாட்டில்ல வாங்காதீங்க, பாதி குடிச்சு மூடி வெச்சா ராத்திரிக்குள்ள செத்துடும், சின்ன பாட்டில் தான் சரி. அதோட கசப்பு குயினைன், மலேரியாவுக்குக் கொடுத்த அதே சங்கதி, இப்ப ரொம்பக் கொஞ்சமா தான் போடுறாங்க. நீல விளக்கு, அதான் கள்ள நோட்டு பாக்குற புற ஊதா விளக்கு, அதை டானிக் மேல அடிச்சா பளீர்னு நீலமா ஒளிரும். என் அக்கா பையனுக்கு அதைக் காட்டினேன், அதுக்கப்புறம் அவன் வீட்ல இருக்கிற எல்லா பாட்டில் மேலயும் அடிச்சுப் பாத்துட்டான்.

டானிக் கசப்பு பிடிக்காதவங்களுக்கு டாம் காலின்ஸ். ஜின் 45, லெமன் 30, பாகு 15, சோடா 60. 1874ல அமெரிக்காவுல ஒரு விளையாட்டு பரவிச்சாம், "டாம் காலின்ஸ்னு ஒருத்தன் பக்கத்து பார்ல உக்காந்து உன்னைப் பத்தி கண்டபடி பேசுறான்"னு ஃப்ரெண்டு கிட்ட கொளுத்திப் போட வேண்டியது, அவன் கோவமா பார் பாரா ஏறி இறங்குவான், அப்படி ஒரு ஆளே கிடையாது. 1876ல அந்தப் பேர்ல ட்ரிங்க் அச்சுலயே வந்துடுச்சு.

ஏப்ரல் 21
கண்ணாடி மாதிரி தெளிவான ஐஸ் வேணுமா? நானும் கொதிக்க வெச்ச தண்ணி, ரெண்டு தடவை கொதிக்க வெச்ச தண்ணின்னு எல்லாம் செஞ்சு பாத்தேன், பெரிசா ஒண்ணும் ஆகல. ட்ரேயில எல்லாப் பக்கமும் ஒரே நேரத்துல உறையுறதால காத்து நடுவுல மாட்டிக்குது, அந்த வெள்ளை தான் அது. மூடியில்லாத சின்ன தெர்மோகோல் டப்பாவுல தண்ணி வெச்சா மேல இருந்து மட்டும் உறையும், காத்தும் அழுக்கும் கீழ தள்ளப்படும், முழுசா உறையுறதுக்கு முன்னாடி எடுத்துக் கீழ்ப்பக்கத்தை வெட்டித் தள்ளிட்டா மிச்சம் கண்ணாடி. கேம்பர் இங்கிலிஷ்னு ஒரு எழுத்தாளர் 2009ல கண்டுபிடிச்சு சொன்னது.

ஆனா பாதி ஃப்ரீசரை அது அடைச்சுக்கும். எட்டு பேர் வர்ற அன்னிக்கு அந்த இடத்துல வெறும் கட்டி ஐஸ் ரெண்டு மடங்கு வைக்கலாம். ஆளுக்கு முக்கால் கிலோன்னு கணக்கு வெச்சுக்கோங்க, கிளாஸுக்கு, பாட்டில் குளிர வைக்க, கீழ விழுறது எல்லாம் சேர்த்து. மூணு நாள் முன்னாடியே ட்ரேயில இருந்து உதிர்த்து உதிர்த்து கவர்ல போட்டு இறுக்கிக் கட்டி வையுங்க. திறந்து வெச்சா ஃப்ரீசர்ல இருக்கிற மீன் வாடை, பூண்டு வாடை எல்லாம் ஏறிக்கும், மொஹிட்டோவுல மீன் வாடை வந்தா ரம் மேல பழி போடுவீங்க.

ஏப்ரல் 27
கேள்வி கேட்டவர் செஞ்சு பாத்துட்டு வந்துட்டாரு. தண்ணியாகலையாம், கடைசி வாய் வரைக்கும் குளிர்ச்சியா இருந்துச்சாம், ஆனா எல்லாரும் "செம ஸ்ட்ராங்கு"ன்னு சொன்னாங்களாம். சோடா எவ்ளோ ஊத்தினீங்கன்னு கேட்டா "கிளாஸ்ல இடம் இருந்த வரைக்கும்"ங்கிறாரு. ஐயா, கிளாஸ் சின்னது. ஐஸ் ரொப்பி 85ஐ ஊத்தினதும் இடம் எங்க இருக்கும், சோடா 40 தான் போயிருக்கும். ஐஸ் போடாத வெறும் கிளாஸ் 350 மி.லி. பிடிக்கணும். இதை நான் முதல் நாளே எழுதியிருக்கணும், என் தப்பு.

அளவு மூடி இருக்குன்னு சொன்னீங்களே, சோடாவுக்கும் அதை எடுத்தா ஒண்ணும் குறைஞ்சு போயிடாது.

மே 2
நாளைக்கு ஆறு பேர் வர்றாங்க. பாகு ரெடி, சோடா உள்ள போயாச்சு, மார்க்கரால பாட்டில்ல எழுதியாச்சு. ஐஸ் எடுத்துக் கவர்ல கட்டலாம்னு இப்ப ஃப்ரீசரைத் திறந்தா ட்ரே காலி. யாரோ எடுத்துட்டு தண்ணி ஊத்தாம அப்படியே திரும்ப வெச்சிருக்காங்க. வீட்ல நாங்க ரெண்டே பேர் தான், நான் இல்ல, அவங்களும் இல்லையாம்.